சைடு ஸ்டாண்டு இறுக்கத்துக்கு ஸ்பிரிங்கைத் தளர்த்தாதீர்கள்

பைக்கின் சைடு ஸ்டாண்டு இறங்க மறுத்தால் அதன் ஸ்பிரிங்கை இழுத்துத் தளர்த்தினால் போதும் என்று சிலர் சொல்வது ஆபத்தான யோசனை. வண்டி ஓடும்போது ஸ்டாண்டை மேலே பிடித்து வைத்திருப்பதே அந்த ஸ்பிரிங்தான். அது தொய்ந்தால் பள்ளத்தில் குலுங்கும்போது ஸ்டாண்டு தானாக இறங்கும். இடப்பக்க வளைவில் தரையில் இடித்து ஆளையே சாய்த்துவிடும்.

பெரும்பாலும் கோளாறு ஸ்டாண்டு மடங்கித் திரும்பும் அச்சான பிவட் போல்ட்டில்தான்: சேறு, துரு, காய்ந்துபோன கிரீஸ். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள் (தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்). ஸ்டாண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். இப்போதும் இறுக்கமா? ஸ்பிரிங்மேல் பழியில்லை. போல்ட்டை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, புது கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஸ்டாண்டு பக்கவாட்டில் ஆடாமல், ஆனால் தடையின்றி மடங்கும் அளவுக்கு முறுக்கி, அப்புறம் போல்ட் கழன்றுவிடாமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்குங்கள். போல்ட்டை அதிகம் முறுக்கினாலும் இதே இறுக்கம் வரும்.