ஸ்பைருலினாவில் நீலம் இறங்கினால் கலப்படமா?

"ஸ்பைருலினா தூளைத் தண்ணீரில் போடுங்கள், நீலம் இறங்கினால் சாயம் கலந்த போலி" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. ஸ்பைருலினா என்பது சத்துணவாக உண்ணப்படும் ஒரு நீலப்பச்சைப் பாசி. அந்த நீலம் பாசியின் சொந்த நிறமி, பைகோசயனின். நீரில் கரையும் புரதம் அது. உலர்த்தும்போது செல்கள் உடைவதால் தண்ணீர் பட்டதும் வெளியே வருகிறது. பச்சையம் நீரில் கரையாது, தூளோடு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீலத்தை இருட்டில் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் சிவப்பாக ஒளிரும். கொதிக்கவிட்டால் வெளுத்துப்போகும், பிரில்லியன்ட் புளூ போன்ற செயற்கைச் சாயம் அப்படி எளிதில் வெளுக்காது. (வீட்டுச் சோதனை ஆய்வகச் சான்று ஆகாது, அது வேறு.)

வேடிக்கை என்னவென்றால், வீடியோ பயமுறுத்தும் இந்த நீலத்துக்குத்தான் சந்தையில் மவுசு. உணவில் சேர்க்க இயற்கை நீலம் கிடைப்பது அரிது. 2013இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் ஸ்பைருலினா சாற்றை அனுமதித்தது. ஜப்பானின் டிஐசி நிறுவனம் இந்த நீலத்தை 'லினாபுளூ' என்ற பெயரில் விற்கிறது. சூடும் புளிப்பும் ஆகாது என்பதுதான் இதன் பலவீனம். ஐஸ்கிரீமுக்குச் சரி, எலுமிச்சைச் சாறுக்குச் சரிவராது.