பழைய கேபினட்டில் புது போர்டு: கண்ணாடிக்கு முன்னால் காற்று

பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் கேபினட்டைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள். மதர்போர்டுக்கும் கேபினட்டுக்கும் இன்டெல் 1995-ல் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற பொது அளவுகளின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. மதர்போர்டின் திருகு ஓட்டைகள், பின்பக்க இணைப்புகளுக்கான 158.75 × 44.45 மி.மீ. செவ்வகம், கார்டுக்குக் கார்டு 20.32 மி.மீ. இடைவெளி எல்லாம் அதேதான். பென்டியம் 3 ஓடிய ஏடிஎக்ஸ் கேபினட்டில் ஏஎம்டி சிப்புக்கான இன்றைய ஏஎம்5 போர்டு புது ஓட்டை போடாமலே உட்காரும். அந்தக் காலத்து நல்ல கேபினட்டுகளின் தகடு 0.8 முதல் 1 மி.மீ. கனம். இன்று மலிவு விலையில் கிடைப்பவை பல, விரலால் அழுத்தினாலே நெளிகின்றன.

மாறியது வெப்பம். 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 சுமார் 30 வாட் தின்றது. இன்று நடுத்தரச் சிப்பாகக் கருதப்படும் ஐ5-12400 முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி சிக்கனமான கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் சேர்த்தால் இன்னொரு 115 வாட். பின்னால் ஒரே ஒரு 80 மி.மீ. ஃபேன், முன்னால் மூடிய பிளாஸ்டிக் முகப்பு என்று வடிவமைத்த பெட்டிக்குள் இத்தனையையும் வைக்கிறோம். அதனால்தான் பக்கவாட்டுத் தகட்டை வெட்டிக் கண்ணாடி பதித்து, விளக்கு ஒட்டி, படம் எடுத்துப் போடுவதை முதல் வேலையாகச் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வெட்டு காற்றுக்காக விழட்டும்.

எல்லாக் கேபினட்டும் இதற்கு ஒத்துவராது. பின்பக்கம் கீபோர்டுக்கு ஒரு வட்ட ஓட்டை மட்டும் இருந்தால் அது ஏடிஎக்ஸுக்கு முந்தைய ஏடி வகை. பழுதான ஏடிஎக்ஸ் கேபினட் ஒன்றிலிருந்து பின்சுவரையும் போர்டுத் தட்டையும் சேர்த்து அறுத்து அதற்குள் ரிவெட் அடிக்க வேண்டியிருக்கும். ஏடி கேபினட்டின் முன்பக்க ஸ்விட்சில் 230 வோல்ட் நேரடியாக ஓடும். அந்த ஒயர்களை முழுதாகக் கழற்றி எறியுங்கள். அந்த ஸ்விட்ச் அழுத்தினால் அப்படியே நிற்கும் ரகம் என்பதால் புதுப் போர்டில் மாட்டினால் சில நொடிகளில் மெஷின் தானாக அணைந்துவிடும். பக்கத்திலுள்ள ரீசெட் பொத்தான் அழுத்தியதும் திரும்பி வரும் ரகம். அதையே பவர் பொத்தானாக மாற்றிக்கொள்ளலாம். 2004 வாக்கில் வந்த பிடிஎக்ஸ் கேபினட்டில் போர்டு எதிர்ப்பக்கச் சுவரில் நிற்கும். டெல் டைமென்ஷன், ஆப்டிபிளெக்ஸ் வரிசைகளில் அந்த வகை நிறைய உண்டு. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2003-ல் வந்த ஆப்பிளின் பவர் மேக் ஜி5-ன் அலுமினியக் கூட்டைப் பலர் அறுத்துத் தள்ளுகிறார்கள். உள்ளே இருக்கும் போர்டு உயிரோடிருந்தால் அதைத் தொடவே கூடாது என்பேன். போர்டு செத்துப்போயிருந்தாலும், போர்டைத் திருகி நிறுத்த ஏற்கெனவே இருக்கிற சிறு தாங்கிகளின் மேல் ஒரு தனித் தட்டைத் திருகி அதன்மேல் புதுப் போர்டை வையுங்கள். பின்னால் வருகிறவர் பழைய நிலைக்குத் திருப்ப முடிய வேண்டும்.

எதையும் வாங்கும் முன் மூன்று அளவு எடுங்கள். முதலாவது, போர்டு உட்காரும் மட்டத்திலிருந்து பக்கவாட்டு மூடி வரை. பழைய கேபினட்டுகள் பெரும்பாலும் 180 முதல் 200 மி.மீ. அகலம்தான். தாங்கி, போர்டு, சாக்கெட் எல்லாம் போகக் கூலருக்கு மிஞ்சுவது சுமார் 140 மி.மீ. பெயர்பெற்ற டவர் கூலர்கள் 155 மி.மீ.க்கு மேல், மூடி மூடாது. சின்ன டவர் கேபினட்டுகளில் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) போர்டின் மேலேயே தொங்கும். அங்கே 70 மி.மீ.கூட மிஞ்சாது, மேலிருந்து கீழே ஊதும் தட்டைக் கூலர்தான் வழி. பென்டியம் 4 காலத்துப் பக்கவாட்டு மூடிகளில் பிளாஸ்டிக் குழல் ஒன்று உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு அளங்கள். இரண்டாவது, பின்சுவரிலிருந்து ஹார்டு டிஸ்க் கூண்டு வரை. போர்டே 244 மி.மீ. ஆழம், கூண்டு அதை ஒட்டியே தொடங்கும். 250 மி.மீ.க்குள் அடங்கும் இரண்டு ஃபேன் கார்டு பல கேபினட்டுகளில் நுழைந்துவிடும். அதற்கு மேல் என்றால் கூண்டைத் தொட வேண்டும். கார்டின் பவர் ஒயர் மூடிப் பக்கம் வளைந்து திரும்ப இன்னொரு 35 மி.மீ. ஒதுக்குங்கள். மூன்றாவது, போர்டுத் தட்டுக்கும் மறுபக்க மூடிக்கும் நடுவில் உள்ள இடம். பழைய கேபினட்டில் 10 மி.மீ. இருந்தாலே அதிகம். போர்டுக்கு மின்சாரம் தரும் தடித்த 24 பின் கேபிள் அங்கே போகாது. அதனால் தேவையற்ற ஒயர்களைக் கழற்றிவிடக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்குவது இங்கே ஆடம்பரமாகாது. தட்டில் கூலர் பின்தகட்டுக்கான திறப்பும் இருக்காது. கூலரின் பின்தகட்டைப் போர்டில் மாட்டிவிட்டே போர்டை உள்ளே இறக்குங்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பின்னால் 80 மி.மீ. ஃபேன் இருந்தது. இன்றையதற்கு அடியில் 120 மி.மீ. ஃபேன். பழைய கேபினட்டில் எஸ்எம்பிஎஸ் உட்காரும் பலகை முழுத் தகடாக இருந்தால் புது எஸ்எம்பிஎஸ்ஸின் மூச்சு அங்கேயே அடைபட்டுவிடும். ஓரத்தில் 15 மி.மீ. விளிம்பை விட்டுவிட்டு நடுத்தகட்டை அறுத்தெடுங்கள். கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே ஓட்டலாமா என்றால், கூடாது. அவை 5 வோல்ட், 3.3 வோல்ட் பாதைகளுக்கு முக்கியத்துவம் தந்து செய்யப்பட்டவை. இன்றைய சுமை கிட்டத்தட்ட முழுவதும் 12 வோல்ட்டில் விழுகிறது. கண்டென்சர்களுக்கும் வயதாகியிருக்கும்.

காற்றுப் பாதையைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 80 மி.மீ. ஃபேனை 120 ஆக்கினால் பரப்பு 2.25 மடங்கு. பின்சுவரில் இடமில்லாவிட்டால் 92 போதும். அதுவும் முடியாதென்றால், தகட்டில் சின்னச் சின்னத் துளைகளாக அச்சடித்த கிரில்லையாவது முழுதாக வெட்டியெடுத்துவிட்டுக் கம்பி கிரில் மாட்டுங்கள். அந்தத் துளைகள்தான் காற்றையும் தடுக்கின்றன, இரைச்சலையும் கிளப்புகின்றன. திருகு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் 80-க்கு 71.5, 92-க்கு 82.5, 120-க்கு 105 மி.மீ.

முன்பக்கத்துக்கு அருமையான வழி ஒன்று ஏற்கெனவே அங்கேயே இருக்கிறது. சிடி டிரைவ் மாட்டும் 5.25 அங்குல அறைகள் மூன்று அடுத்தடுத்து இருந்தால் உயரம் சுமார் 124 மி.மீ., அகலம் 146. ஒரு 120 மி.மீ. ஃபேன் அளவெடுத்தது போல நிற்கும். மூன்று மூடிகளையும் கழற்றி, உள்பக்கம் மெல்லிய கம்பிவலை ஒட்டி, ஃபேனை இரண்டு எல் வடிவப் பட்டைகளால் டிரைவின் திருகு ஓட்டைகளிலேயே பிடித்துவிடலாம். முகப்பில் ஒரு வெட்டுகூட விழாது. கழற்றிய மூடிகளைப் பத்திரப்படுத்துங்கள். கீழே இரண்டாவது ஃபேன் வைக்க முன்தகட்டை வெட்டினால், பிளாஸ்டிக் முகப்பின் அடியில் காற்று நுழைய வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல முகப்புகளில் ஒரு விரல் அகலக் கீற்று மட்டுமே இருக்கும். தகட்டை எவ்வளவு பெரிதாக வெட்டினாலும் அந்தக் கீற்று விடுகிற காற்றுதான் உள்ளே வரும்.

வெட்டும் முன் கேபினட்டை முழுக்கக் காலி செய்யுங்கள். “போர்டின் மேல் துணி போட்டுக்கொள்ளலாம்” என்பதை ஏற்கவே மாட்டேன். மணல் அளவு இரும்புத்தூள் ஒன்று ராம் ஸ்லாட்டில் விழுந்தால் போதும். வட்ட ஓட்டைக்கு டிரில்லில் மாட்டும் 114 மி.மீ. ஹோல் சா (வட்ட ரம்பம்), பின்னால் பிளைவுட் துண்டைக் கிளாம்ப் போட்டு, டிரில்லைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். பிளைவுட் இல்லாவிட்டால் பல் தகட்டில் மாட்டி மணிக்கட்டை முறுக்கிவிடும். நேர்வெட்டுக்கு ஜிக்சா என்றால் அங்குலத்துக்கு 24 முதல் 32 பல் உள்ள பிளேடு. மரம் அறுக்கும் பிளேடு தகட்டைக் கிழிக்கும். கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல் வேகமானது, ஆனால் பொறி பறந்து பெயிண்டைக் கருக்கும், முகப்புப் பிளாஸ்டிக்கில் புள்ளி புள்ளியாக உருகிப் பதியும். முகப்பைக் கழற்றிவிட்டு, மற்ற இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கிரைண்டரைத் தொடவே வேண்டாம். பிறகு அரத்தால் பிசிறு நீக்கி, வெட்டுவாயில் ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். கடலோர ஊர்களில் அடிக்காமல் விட்ட விளிம்பு ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும்.

போர்டிலேயே செருகும் எம்.2 டிஸ்க் வந்த பிறகு ஹார்டு டிஸ்க் கூண்டுக்குப் பெரிய வேலை இல்லை. ரிவெட்டின் தலையை 3.2 அல்லது 3.5 மி.மீ. பிட்டால் துளைத்தால் கழன்று வந்துவிடும். ஆனால் பல கேபினட்டுகளில் முன்தகடு ஆடாமல் நிற்பதற்கு அந்தக் கூண்டுதான் முட்டு. எடுத்தபின் கேபினட்டை மூலைக்கு மூலை முறுக்கிப் பாருங்கள். நெளிந்தால் கூண்டிருந்த இடத்தில் ஒரு அலுமினிய ஆங்கிளை மேலிருந்து கீழாக ரிவெட் அடியுங்கள்.

முன்பக்க ஒயர்களில் பவர், ரீசெட் இரண்டுக்கும் திசை கிடையாது. எல்இடிக்கு உண்டு, மாற்றி மாட்டினால் எரியாது, அவ்வளவே. பழைய பவர் எல்இடி கனெக்டர் மூன்று பின் அகலம். புதுப் போர்டில் இரண்டு. ஊசியால் கனெக்டரின் நாக்கைத் தூக்கி ஒயரை அடுத்த துளைக்கு நகர்த்தலாம். ஆபத்து யுஎஸ்பியில் இருக்கிறது. பழைய கேபினட்டில் அவை தனித்தனி ஒயர்களாகத் தொங்கும். போர்டில் 1, 2 ஐந்து வோல்ட்; 3, 4 டேட்டா மைனஸ்; 5, 6 டேட்டா பிளஸ்; 7, 8 கிரவுண்ட்; 9-ல் பின் இருக்காது. சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்ற நிறத்தை நம்பாமல் முகப்பிலுள்ள யுஎஸ்பி துளையிலிருந்து ஒயர் முனை வரை மல்டிமீட்டர் வைத்துச் சரிபாருங்கள். ஐந்து வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறினால் செருகிய பென்டிரைவ் அங்கேயே போகும். யுஎஸ்பி 3 வேண்டுமென்றால் பிளாப்பி இருந்த 3.5 அங்குல அறையில் பொருந்தும் தனிப் பேனல் வாங்கிவிடுங்கள், பழைய ஒயரோடு போராட வேண்டாம்.

போர்டை இறக்கும் முன், அதன் ஓட்டைகளுக்கு நேரில்லாத தாங்கிகளை எல்லாம் கழற்றுங்கள். அடியில் ஒன்று தங்கினாலும் ஷார்ட். எஸ்எம்பிஎஸ் திருகு உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் சுரண்டுங்கள், கேபினட்டுக்கு எர்த் அந்த வழியாகத்தான் வருகிறது. சுவர் பிளக்கில் எர்த் இல்லாத வீடுகளில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கண்டென்சர்களால் கேபினட்டில் ஏறக்குறைய 115 வோல்ட் மிதக்கும். தொட்டால் சுரீரென்பது அதனால்தான். அங்கே கேபினட்டைத் தொடும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கடைசியில் சோதனை. முழுச் சுமையில் அரை மணி நேரம் மூடியோடு, அரை மணி நேரம் மூடியில்லாமல் ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு டிகிரி வித்தியாசம் என்றால் வேலை முடிந்தது. பத்து டிகிரி என்றால் காற்றோட்டம் போதவில்லை. முகப்பைக் கழற்றிவிட்டு, மூடியைப் போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். வெப்பம் அப்போது இறங்கினால் அடைப்பு முகப்பில். இறங்காவிட்டால் பின்சுவர் ஓட்டையை இன்னும் பெரிதாக்க வேண்டும்.