பேரிங் நட்டை முழு பலத்தில் இறுக்காதீர்கள்

"பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வண்டிக்கு முன்சக்கர பேரிங் மாற்றினால் நட்டை முடிந்த மட்டும் இறுக்கிவிடுங்கள், அப்புறம் ஆட்டமே வராது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதில் இருப்பது டேப்பர் ரோலர் பேரிங், அதாவது கூம்பு வடிவ உருளைகள் கொண்டது. அளவு மீறி இறுக்கினால் உருளைக்கும் கப்புக்கும் (உருளைகள் ஓடும் வெளி வளையம்) நடுவே கிரீஸ் படலம் நிற்காது. பேரிங் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். முற்றினால் ஸ்பிண்டிலும் (பேரிங் உட்காரும் அச்சு) சேர்ந்து கெடும்.

உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு நட்டு இருக்கும். 54 மி.மீ. உள் நட்டை முதலில் 59 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்கு இறுக்கி, ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இரு பக்கமும் பலமுறை சுற்றி பேரிங்கை உட்கார வைக்க வேண்டும். பிறகு கையால் திருகும் அளவுக்கு நட்டைத் தளர்த்தி, மறுபடி மெல்ல இறுக்கி, வீல் போல்ட்டில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். ஹப் நகரத் தொடங்கும்போது தராசு 2.9 முதல் 5.7 கிலோ வரை காட்டினால் சரி. வெளி நட்டுக்கு 64 நியூட்டன் மீட்டர். அதை இறுக்கியபின் கட்டாயம் இன்னொரு முறை அளந்து பாருங்கள், இழுவை மாறியிருக்கும். இரண்டு நட்டுக்கும் நடுவே இருக்கும் பூட்டு வாஷரின் ஒரு பல்லை உள்பக்கமும் இன்னொன்றை வெளிப்பக்கமும் மடியுங்கள்.

பேரிங் மாற்றும்போது பழைய கப்பை ஹப்பிலேயே விட்டுவிடலாம் என்று நினைப்பதும் தவறு. தேய்ந்த கப்பில் புது உருளை ஓடினால் சீக்கிரமே இரைச்சல் வரும்.

கழற்றிய கையோடு நக்கிளுக்குள்ளும் (ஸ்டீயரிங்கோடு திரும்பும், ஸ்பிண்டில் பொருந்தும் பகுதி) பாருங்கள். கிரீஸ் கூழாகி டிஃப் (டிஃபரென்ஷியல்) எண்ணெய் வாசம் அடித்தால், அந்த எண்ணெயைத் தடுக்கும் உள் ஆக்சில் சீல் போய்விட்டது.