அந்த நாலு செகண்டு சிரிப்பு

ஞாயிற்றுக்கிழமை வெளிவந்த, நான்கு பேர் சினிமா பற்றிப் பேசிய அந்த உரையாடலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் டைம்லைனில் மட்டும் இருபது பேராவது பகிர்ந்திருந்தார்கள். '21-ஆம் நூற்றாண்டின் மகத்தான படங்கள்' என்று இரண்டு மணி நேரம். நான் முழுசாகப் பார்த்தேன். ஒரு மணி நாற்பதாவது நிமிடத்தை மட்டும் நாலு தடவை பார்த்தேன்.

பேசியவர்கள் யார், எந்தச் சேனல் என்று எழுதப் போவதில்லை. அவர்களில் இருவர் எழுதுவதைப் படித்துத்தான் நான் வெளிநாட்டுப் படங்கள் பார்க்கவே ஆரம்பித்தேன். அந்த நன்றி இன்னும் இருக்கிறது. அதனால்தான் வலியும் கொஞ்சம் கூடுதல்.

நடந்தது இதுதான். உலகப் படங்கள் முடிந்து தமிழுக்கு வந்தார்கள். 'விசாரணை' வந்தது, 'பரியேறும் பெருமாள்' வந்தது, 'ஆரண்ய காண்டம்' வந்தது. எதிலும் எனக்குச் சண்டை இல்லை. அப்போது நால்வரில் சின்னவரான அந்தத் தம்பி, "மேற்குத் தொடர்ச்சி மலை" என்று ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்க விடவில்லை. "அது டாக்குமெண்டரி மாதிரிங்க. கதையே இல்லையே. நல்ல முயற்சி, ஒத்துக்கறேன்" என்றார் மூத்தவர். மூன்று பேரும் சிரித்தார்கள். தம்பியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். நாலு செகண்டு. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

இதே உரையாடலின் தொடக்கத்தில், 2000-ஆம் ஆண்டு இந்த நூற்றாண்டில் சேருமா, போன நூற்றாண்டில் சேருமா என்று ஐந்து நிமிடம் வாதாடினார்கள். 'இன் தி மூட் ஃபார் லவ்' 2000-இல் வந்த படம், அதைப் பட்டியலில் வைக்க வேண்டும் என்பதற்காக. ஒரு ஹாங்காங் படத்தை உள்ளே கொண்டுவர ஐந்து நிமிடம். எங்கள் மலையை வெளியே தள்ள நாலு செகண்டு.

அந்த ஹாங்காங் படத்தை நான் குறைசொல்கிறேன் என்று உடனே ஆரம்பித்துவிடாதீர்கள். எனக்கு உயிரான படம் அது. 2016-இல் பிபிசி 36 நாடுகளின் 177 விமர்சகர்களிடம் கேட்டுப் போட்ட பட்டியலில் 'மல்ஹாலண்ட் டிரைவ்' முதலிடம், இது இரண்டாமிடம். 2025-இல் நியூயார்க் டைம்ஸ் திரைத்துறைக்காரர்களிடம் கேட்டபோது 'பாரசைட்' முதலில், இது நாலாவது. தகுதியான இடம்தான். ஆனால் அந்தப் படத்தில் என்ன 'நடக்கிறது', சொல்லுங்கள். அந்தப் பெண் தூக்குப்பாத்திரத்தோடு படியிறங்கி நூடுல்ஸ் வாங்கப் போகிறாள். அவன் ஏறி வருகிறான். சந்து, மழை, சுவரில் விளக்கு வெளிச்சம். மறுபடியும் படியிறங்குகிறாள். இதைப் பற்றி அந்த மூத்தவர் ஞாயிற்றுக்கிழமை எட்டு நிமிடம் பேசினார். "நடந்து போறதுலயே மொத்த வாழ்க்கையையும் சொல்லிடறான்" என்றார். அருமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அப்படியென்றால் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யின் நாயகன் ரங்கசாமி நடப்பது என்ன? அவனும் நடந்துதானே போகிறான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறான், இறங்குகிறான். வழியெல்லாம் ஆட்கள் எதையாவது கொடுத்துவிடுகிறார்கள், எதையாவது கேட்கிறார்கள். அந்த நடையில் மொத்த வாழ்க்கையும் தெரியவில்லையா? ஹாங்காங் படிக்கட்டில் நடந்தால் சினிமா, தேனிப் பக்கம் தேவாரத்து மலைப்பாதையில் நடந்தால் டாக்குமெண்டரியா? எனக்கு இது உண்மையாகவே புரியவில்லை. புரிந்தவர்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கதை இல்லையாம். சொல்கிறேன், கேளுங்கள். ஏலக்காய் மூட்டை சுமக்கிற, காணி நிலம் இல்லாத ஒருவன் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க நினைக்கிறான். கிரயம் கூடிவரும்போது விற்பவர்கள் வீட்டுச் சண்டையில் கைநழுவிப் போகிறது. சேர்த்த காசையெல்லாம் ஒரு மூட்டை ஏலக்காயில் போடுகிறான், அது பள்ளத்தில் சிதறிப் போகிறது. கடைசியில் எப்படியோ வாங்கிவிடுகிறான். தொழிற்சங்கப் பிரச்சினையில் சிக்கி ஜெயிலுக்குப் போகிறான். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் ஏறுகிறது. நிலம் போய்விடுகிறது. காற்றாலை வருகிறது. தன் நிலமாக இருந்த அதே இடத்தில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா அவனை விட்டு மேலே போய்க்கொண்டே இருக்கிறது, அவன் சின்னப் புள்ளியாகிறான், சுற்றிலும் காற்றாடிகள்.

இது கதை இல்லையென்றால் எது கதை? யாராவது யாரையாவது துரத்த வேண்டுமா?

"உங்க ஊர்க்காரப் பாசம்" என்று முதல் கமெண்டே வரும், தெரியும். ஆமாம், என் ஊர்ப் பக்கம்தான். தேவாரம், கோம்பை, போடி எல்லாம் எனக்கு வரைபடத்தில் இருக்கும் பெயர்கள் இல்லை. ஆனால் மதுரையில் பிறந்தவர் மதுரைப் படத்தைப் புகழும்போது நீங்கள் இதைக் கேட்பதில்லை. வடசென்னைக்காரர் வடசென்னைப் படத்தைப் பற்றி எழுதினால் 'உள்ளிருந்து வரும் குரல்' என்கிறீர்கள். என் குரலும் உள்ளிருந்துதான் வருகிறது.

என் அம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போன பெண். இதை இங்கே அதிகம் எழுதியதில்லை. விடிகாலை இருட்டிலேயே ஜீப் வந்துவிடும். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், சில நாள் அதற்கும் மேல், மடியில் தூக்குச்சட்டியோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து போவார்கள். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு. மேலே போனால் கேரளா, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. அடித்தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு தரையாகக் கிடக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, ஈர மண்ணில் நகர்ந்து நகர்ந்து, பழுத்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். மழைக்குப் பிளாஸ்டிக் படுதா. அட்டைக்கு மூக்குப்பொடி, உப்பு. அம்மாவின் விரல் நுனியெல்லாம் கறை பிடித்திருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. அஞ்சு கிலோ பச்சைக்காயை ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் போட்டு உலர்த்தினால் ஒரு கிலோ தேறும். நீங்கள் பாயசத்தில் போடுகிற அந்த ரெண்டு ஏலக்காய் அப்படித்தான் வருகிறது.

அம்மாவுக்கும் ஒரு ஆசை இருந்தது. ஊருக்குக் கிழக்கே 40 சென்ட் நிலம். கிணறு பாகத்தோடு. சீட்டுக் கட்டிப் பல வருஷம் சேர்த்தது. முக்கால்வாசி சேர்ந்துவிட்டது. நான் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தேன், இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. அந்த 40 சென்ட் என் முதல் வருஷ ஃபீஸாகவும் ஹாஸ்டல் அட்வான்ஸாகவும் போனது. அம்மா ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அதனால், கதை இல்லை என்று யாராவது சிரிக்கும்போது எனக்கு ஒரு படத்தைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றவில்லை.

இரண்டாவது ஆட்சேபம், "நடிக்கத் தெரியாத ஆட்கள், மேக்கிங் ரஃப்." அந்த உரையாடலில் இதைச் சொல்லவில்லை, ஆனால் முன்பு என் பதிவிலேயே ஒருவர் சொன்னார். சில இடங்களில் வசனம் ஒட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில் சங்க விவகாரம் அவசரமாக ஓடுகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நடிக்கத் தெரியாத ஆட்கள்' என்பதை மட்டும் ஏற்க முடியாது. 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018 ஆகஸ்ட் 24-இல் வந்தது. சரியாக 15 நாள் கழித்து வெனிஸ் திரைப்பட விழாவில் 'ரோமா' என்ற மெக்சிகோ படத்துக்கு அங்கே முதல் விருதான தங்கச் சிங்கம் கொடுத்தார்கள். அதுவும் ஒரு வீட்டுப் பணிப்பெண் தரை கழுவுகிற தண்ணீரில்தான் தொடங்குகிறது. அதுவும் மெதுவாகத்தான் போகிறது. அதில் நடித்த யாலிட்ஸா அபாரிசியோ அதற்கு முன் நடித்ததே இல்லை. அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அப்போது நாம் எல்லோரும் இங்கே என்ன எழுதினோம்? 'நடிப்பே தெரியாத நடிப்பு' என்று எழுதினோம். நானும் எழுதினேன். அந்த அளவுகோல் ஏன் போடி மெட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குவதில்லை?

கம்யூனிஸ்ட் பிரச்சாரம் என்பவர்களுக்கு ஒரு வரிதான். படத்தை இன்னொரு முறை பாருங்கள், சங்கத் தலைமையையும் அது விட்டுவைக்கவில்லை.

"யாருமே பார்க்காத படத்தை எப்படி மகத்தான படம்னு சொல்றீங்க?" என்பவர்களும் உண்டு. இதற்கு எனக்கு நல்ல பதில் இல்லை. விஜய் சேதுபதி தயாரித்திருந்தார், இளையராஜா இசையமைத்திருந்தார், ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர் அந்த மலையை அப்படியே கண் முன்னால் கொண்டுவந்திருந்தார். அப்படியும் கூட்டம் வரவில்லை. லெனின் பாரதி என்ற இயக்குநரின் முதல் படம் அது. ஆனால் பார்க்காமல் விட்டது படத்தின் குறையா? நீங்கள் பட்டியல் போடுவது, பார்க்காமல் விட்டவர்களைப் பார்க்க வைக்கத்தானே? கூட்டம் கூடிய படங்களையே திரும்பச் சொல்வதற்கு நான்கு பேர், மூன்று கேமரா எதற்கு?

நான் அந்தப் படத்தை அம்மாவோடு தியேட்டரில் பார்த்தேன். சென்னையிலிருந்து லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கூட்டிக்கொண்டு போனேன். மதியக் காட்சி. எங்களையும் சேர்த்து 11 பேர். அம்மா தியேட்டருக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. படம் ஓட ஓட அம்மா பேசிக்கொண்டே இருந்தது. "இது அந்த ஊத்துக்கிட்ட இருக்கிற பாறையில்ல?", "இந்நேரத்துக்கு மேல மேகம் எறங்கிரும்", "மூட்டைய இப்படி ஒரு தோள்லயே போட்டா கழுத்து போயிரும், மாத்திக்கணும்." முன் வரிசையில் இருந்த ஒரு பையன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எனக்குச் சங்கடமாக இருந்தது, "மெதுவாம்மா" என்றேன். இன்று நினைத்தால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். ரங்கசாமி காற்றாலைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான், ராஜாவின் இசை, கேமரா மேலே போகிறது. அம்மா என் பக்கம் குனிந்து ஒன்று சொன்னது:

"அந்த வேலையாச்சும் கெடச்சுச்சே, யப்பா."

ஏழு வருஷமாக இந்த வரி என்னை விடவில்லை. நான் ஒரு மகத்தான துயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், அம்மா மழையில் நனையாமல் உட்கார்ந்து பார்க்கிற ஒரு மாதச் சம்பள வேலையைப் பார்த்தது. நிலம் போனது அம்மாவுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். நிலம் போன பிறகு ஆட்கள் என்ன ஆகிறார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னது. ஒரே காட்சி என்னை அழவைத்து, பக்கத்துச் சீட்டில் அம்மாவைப் பெருமூச்சு விட்டு ஆறுதலடைய வைத்தது. எத்தனை படங்களில் இது நடந்திருக்கிறது உங்களுக்கு? 'பாரசைட்'டில்கூட எல்லோரும் ஒரே இடத்தில்தான் மூச்சைப் பிடித்தோம்.

சிறந்த பத்துப் படங்களில் ஒன்றாக வைத்தால் போதும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவை ஆரம்பித்தேன். எழுத எழுத அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 2000-க்குப் பிறகு வந்த தமிழ்ப் படங்களில் எனக்கு இதுதான் முதல். ஒன்றாம் நம்பர். காரணம் கேட்டால் மேலே எழுதியிருக்கிறேன். போதாது என்றால் போதாதுதான், என்னிடம் வேறு இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதுவும் அந்த மூத்தவரிடம், மரியாதையோடு. உங்களுக்கு இந்தப் படம் பிடிக்க வேண்டாம், சார். உங்கள் பத்தில் வைக்க வேண்டாம். "எனக்குப் பிடிக்கலை" என்று சொல்லுங்கள், சண்டைக்கு வர மாட்டேன். "நல்ல முயற்சி" என்று மட்டும் சொல்லாதீர்கள். பள்ளியில் எங்களைப் போன்ற பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் பேசிவிட்டு இறங்கும்போது ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்து அதைத்தான் சொல்வார்கள். அந்தத் தம்பியையும் வாக்கியத்தை முடிக்க விடுங்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும். தம்பி, நீங்கள் இதைப் படித்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.

அம்மா இப்போது தோட்டத்துக்குப் போவதில்லை. முட்டி தேய்ந்துவிட்டது, குத்தவைத்து உட்கார முடியாது. போன மாதத்திலிருந்து எங்களோடு சென்னையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அந்த மலைப் படத்த பத்தியா பேசுறாக?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பேர் காதில் விழுந்திருக்கிறது. "ஆமாம்மா" என்றேன். "என்ன சொல்றாக?" என்று கேட்டது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நல்ல படம் என்று சொல்கிறார்கள் என்றேன்.