தாத்தாவும் லத்தீன் வினையும்

(குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன் திண்ணையில் லத்தீன் உருப்போடுகிறான். பக்கத்தில் வெற்றிலை இடிக்கும் தாத்தா, பழைய லத்தீன் பூசைக் காலத்துப் பீடச்சிறுவர்.)

பேரன்: லோக்வோர், லோக்வெரிஸ், லோக்விதுர்... லோக்விமுர், லோக்விமினி, லோக்வுந்துர்.

தாத்தா: எலே, யாரைத் திட்டுகிறாய்?

பேரன்: 'பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான்' தாத்தா. இதற்கு டெபோனென்ட் வினை என்று பெயர். உருவம் செயப்பாட்டுவினை, அர்த்தம் செய்வினை.

தாத்தா: பேசுகிறவன் நான்தான், ஆனால் பார்வைக்குப் பேசப்படுகிறேன்?

பேரன்: அதேதான். 'கொன்ஃபீத்தெயோர்'கூட அந்த ரகம்.

தாத்தா: அடப்பாவி, எத்தனை பூசையில் அதைச் சொல்லி மார்பில் தட்டியிருக்கிறேன்! பாவத்தை நான் ஒப்புக்கொள்கிறேனா, ஒப்புக்கொள்ள வைக்கப்படுகிறேனா?

பேரன்: நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

தாத்தா: நல்லவேளை. மற்றது போலீஸ் ஸ்டேஷன் சமாச்சாரம்.

பேரன்: விசுவாசப் பிரமாணத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். 'பாஸ்ஸுஸ் எத் செபுல்துஸ் எஸ்த்.' இரண்டுக்கும் சேர்த்து ஒரே துணைவினை 'எஸ்த்', ஒரே முகஜாடை. முதலாவது டெபோனென்ட், இரண்டாவது நிஜமான செயப்பாட்டுவினை. எப்படிப் பிரிப்பது?

தாத்தா: தமிழில் சொல் பார்ப்போம்.

பேரன்: பாடுபட்டு, அடக்கம் செய்யப்பட்டார்.

தாத்தா: இரண்டிலும் 'பட்டு' இருக்கிறதே. பாடு அவர் பட்டார். அடக்கம் மற்றவர்கள் செய்தார்கள். போன மாதம் நீ பைக்குக்கு ஆசைப்பட்டாயே, பைக்கா உன்மேல் ஆசை வைத்தது?

பேரன்: கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், சந்தேகப்பட்டேன்... தாத்தா, இதெல்லாம் நம் ஊர் டெபோனென்ட்!

தாத்தா: அவசரப்படாதே. அடிபட்டேன் என்றால் அடித்தவன் வேறு ஆள்.

பேரன்: அதையும் குழப்பிவிட்டீர்களா! இங்கே பாதி டெபோனென்ட் வேறு இருக்கிறது. 'ஆவ்தெயோ', துணிகிறேன். நிகழ்காலத்தில் யோக்கியமான செய்வினை. துணிந்தேன் என்றால் 'ஆவ்சுஸ் சும்', உடனே செயப்பாட்டு வேஷம்.

தாத்தா: கடன் வாங்கும்போது 'துணிகிறேன்', மாட்டிய பிறகு 'துணிய வைக்கப்பட்டேன்'. உன் சின்ன மாமனுக்கு இந்த இலக்கணம் அத்துப்படி.

பேரன்: ஏவல் இன்னும் மோசம். 'லோக்வெரே' என்றால் பேசு.

தாத்தா: 'மிசெரேரே நோபிஸ்' மாதிரியா?

பேரன்: அட, சரிதான்! 'எங்கள்மேல் இரக்கம் வையும்.' அதுவும் டெபோனென்ட் ஏவல்தான்.

தாத்தா: பின்னே? அர்த்தம் தெரியாமலே நூற்றுக்கு நூறு வாங்கினவன்டா நான். சரி, பேசாதே என்பதற்கு?

பேரன்: நோலி லோக்வி.

தாத்தா: சுருக்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் எங்கள் சாமியார் ஒருத்தர், பூசை நடுவே...

பேரன்: நோலி லோக்வி, தாத்தா.

தாத்தா: அதுதான் தெரிந்துவிட்டதே, மறுபடி ஏன் சொல்கிறாய்?

பேரன்: திங்கட்கிழமை பரீட்சை.