நவுருவின் கணக்கை எங்கிருந்து எழுதுவது?

நவுரு என்ற குட்டித் தீவு நாட்டைப் பற்றி யார் வீடியோ போட்டாலும் கதை ஒன்றுதான். திடீர்ப் பணம் வந்ததாம், ஒரு போலீஸ் அதிகாரி லம்போர்கினி வாங்கினாராம், உடம்பு பெருத்துப்போய் அதற்குள் நுழையவே முடியவில்லையாம். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. 'உழைக்காத காசு இப்படித்தான் போகும்' என்று எவராவது ஒரு பெரியவர் கமெண்ட். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. கணக்கை நடுவிலிருந்து எழுத ஆரம்பித்தால் யாரை வேண்டுமானாலும் ஊதாரி ஆக்கிவிடலாம்.

பசிபிக்கில் பூமத்தியரேகைக்குச் சற்றுத் தெற்கே, மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். மக்கள் 12 ஆயிரம் பேர் அளவில். அதிகாரபூர்வத் தலைநகர் என்று ஒன்று கிடையாது. நாடாளுமன்றம் யாரென் மாவட்டத்தில் இருக்கிறது, விமான ஓடுபாதையை ஒட்டியபடி.

1888-ல் ஜெர்மனி பிடித்துக்கொண்டது. அங்கிருந்து சிட்னிக்குப் போன ஒரு கல், ஒரு கம்பெனி அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக்கொடுக்கக் கிடந்தது. 1900 வாக்கில் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் அதைச் சோதித்துப் பார்த்தார். முதல் தரமான பாஸ்பேட், உரம் செய்ய உதவும் கனிமம். அடுத்த சில ஆண்டுகளில் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் நிலத்துக்காரருக்கு டன்னுக்கு அரை பென்னி கொடுத்தார்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டு வாரியம் வைத்துத் தோண்டின. உலகச் சந்தை விலையைவிட மலிவாக அந்த உரம் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்குப் போனது. அந்த விவசாயிகளை யாரும் 'உழைக்காத காசு' என்று சொல்லிக் கேட்டதில்லை.

இடையில் ஜப்பான் வந்தது. 1943-ல் 1,200 பேரை ட்ரக் தீவுக்குக் கட்டாய வேலைக்கு ஏற்றிப் போனார்கள். 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர். 1968-ல் சுதந்திரத்துக்கு அதே தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்கு முன்பு, '60-களில், ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது: தீவு தேறாது, எல்லோரும் குவீன்ஸ்லாந்தின் கர்டிஸ் தீவுக்குக் குடிபெயருங்கள் என்று. குடியுரிமை உண்டு, தனி நாடு என்ற நிலை மட்டும் கிடையாது. நவுரு மக்கள் மறுத்துவிட்டார்கள். முதல் ஜனாதிபதியான ஹாமர் டிராபர்ட் தலைமையில் சுரங்கத்தைக் காசு கொடுத்துத் தாங்களே வாங்கினார்கள். தங்கள் மண்ணைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

பிறகு பணம் கொட்டியது உண்மை. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமான கம்பெனி, வருமான வரியும் அப்போது கிடையாது. 1993-ல் லண்டனில் லியொனார்டோ டா வின்சி பற்றி ஒரு இசை நாடகத்துக்குப் பணம் போட்டு, அது சில வாரங்களிலேயே படுத்தது. இதில் எதற்கும் நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. நிர்வாகம் மோசம், கூட இருந்த ஆலோசகர்கள் அதைவிட மோசம். ஆனால் அதே 1993-ல் இன்னொன்றும் நடந்தது. சுதந்திரத்துக்கு முன் தோண்டிப் பாழாக்கிய நிலத்துக்காக நவுரு சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்திருந்த வழக்கில், ஆஸ்திரேலியா சமரசத்துக்கு வந்து 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. லம்போர்கினி வீடியோக்களில் இந்த வழக்கை நான் பார்த்ததே இல்லை.

பாஸ்பேட் தீர்ந்தபோது மெல்போர்ன் கட்டடமும் கைமாறியது. அப்புறம் விற்பதற்கு மிஞ்சியது நாடு என்கிற அந்தஸ்து மட்டும்தான். 2001 முதல் ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவர்களை அடைத்துவைக்க இடம் கொடுத்துப் பணம் வாங்கினார்கள். 2007-ல் அப்படி அனுப்பப்பட்ட இலங்கையர் 80-க்கும் மேல், பெரும்பாலோர் தமிழர்கள். அந்த முகாமை மட்டும் என்னால் நியாயப்படுத்தவே முடியவில்லை, நவுருவின் வறுமையைச் சொல்லியும்கூட. ஆனால் திட்டம் போட்டது கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய அரசு.

தைவானை அங்கீகரிப்பதா சீனாவையா என்பதிலும் மாறி மாறித்தான் நின்றார்கள். கடைசியாக 2024 ஜனவரியில் சீனா பக்கம். சூரை மீன்பிடி உரிமத்தில் வரும் வருமானம்தான் இவற்றில் எனக்குக் கௌரவமாகத் தெரிகிறது. 2025-ல் பாஸ்போர்ட்டும் விற்பனைக்கு வந்தது, அப்போது விலை 1,05,000 அமெரிக்க டாலரிலிருந்து. கடல்மட்டம் உயர்வதால் கரையோரம் வாழ்பவர்களை மேட்டு நிலத்துக்கு நகர்த்த அந்தப் பணமாம். மேட்டு நிலம் என்றால் சுண்ணாம்புக்கல் தூண்கள் மட்டும் நிற்கும் பழைய சுரங்கக் காடு. ஒரு வீடு கட்டுவதற்கு முன் அதை முதலில் சமன்படுத்தியாக வேண்டும்.