முழங்கை ஆழத்தில் எடுத்தீர்களா?

குளத்தின் பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள் என்று நேற்று மத்தியானம் சொல்கிறான் நீச்சல் குளச் சாமான் விற்கும் அந்தக் கடைப் பையன். நேற்று! நான்காவது முறையாகப் போய் நின்றபோது. நாலு நாளில் 238 டாலருக்கு மருந்து வாங்கிக் கொட்டிய பிறகு. வியாழக்கிழமையே அவன் கையில் இருந்த தண்ணீர்ச் சோதனைத் தாளில் அதற்குக் காரணமான எண் அச்சாகி இருந்தது. கடைசி வரியில், சின்ன எழுத்தில். அவனும் படிக்கவில்லை, என்னையும் படிக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இப்படித் தரைக்கு மேலே நிற்கும் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்கு நான் எந்தத் தாளைச் சொல்கிறேன் என்று தெரியும். குளத்துத் தண்ணீரைச் சோதிக்க நீங்களும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள்.

வியாழன் காலை காபி டம்ளரோடு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், குளம் பச்சையாக இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் வரை அடியில் கிடந்த காசு தெரிந்த தண்ணீர்! சனிக்கிழமை பிலடெல்பியாவிலிருந்து என் நாத்தனார் குடும்பமும் இன்னும் இரண்டு குடும்பங்களும் வருகிறார்கள். பிள்ளைகள் மட்டும் ஏழு பேர். இந்த நியூ ஜெர்சியில் மே கடைசியில் திறந்தால் செப்டம்பர் தொடக்கத்தில் மூட வேண்டியதுதான். மொத்தமே பதினான்கு, பதினைந்து வாரம். அதிலும் மழையில்லாத சனிக்கிழமைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பாட்டிலைக் கழுவித் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். பையன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "முழங்கை ஆழத்தில் எடுத்தீர்களா?" என்றான். ஆமாம் என்றேன். இயந்திரத்தில் வைத்தான், இரண்டு நிமிடத்தில் தாள் வந்தது. குளோரின் 3. பிஎச் 7.2. அல்கலினிட்டி, அதாவது காரத்தன்மை, 70. ஃபாஸ்பேட் கொஞ்சம் கூடுதல். "குளோரின் சரியாக இருக்கிறது" என்றான். சரியாக இருந்தால் தண்ணீர் ஏன் பச்சை என்று கேட்டேன். "பாசி" என்றான். அதுதான் எனக்கே தெரிகிறதே! ஒரு பாட்டில் பாசிக்கொல்லி, அல்கலினிட்டி ஏற்ற ஒரு டப்பா, குளோரினை ஒரேயடியாக ஏற்றும் ஷாக் பவுடர் நாலு பாக்கெட். மேலே மேலே அடுக்கினான். வாங்கி வந்தேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கலந்து ஊற்றினோம். விடிய விடியப் பம்ப் ஓடியது. வெள்ளிக்கிழமை காலை அதே பச்சை, அதன் மேல் நுரை. துணி அலசிய வாளி மாதிரி நுரை. மலிவான பாசிக்கொல்லி நுரைக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் திரும்பவும் கடை. "முழங்கை ஆழத்தில் எடுத்தீர்களா?" ஆமாம். தாள். குளோரின் நன்றாக இருக்கிறது, ஃபாஸ்பேட்தான் பாசிக்குச் சாப்பாடு, அதை எடுக்க வேண்டும் என்றான். ஃபாஸ்பேட் நீக்கி ஒரு பாட்டில். அதை ஊற்றியதும் தண்ணீர் பால் கலந்த மாதிரி கலங்கியது. கலங்கும் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே போய்க் காரில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் பிரியாணிக்கு அரிசி ஊறுகிறது, அம்மா ஒற்றை ஆளாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார், நான் மடியில் பச்சைத் தண்ணீர் பாட்டிலோடு காரில். கதவு திறந்தது. "முழங்கை ஆழத்தில்..." என்று ஆரம்பித்தான். ஆமாம், முழங்கை ஆழத்தில்தான், தோள் வரை வேண்டுமானாலும் விடுகிறேன், இன்றைக்கு மத்தியானத்துக்குள் பிள்ளைகள் இறங்க முடியுமா முடியாதா என்று கேட்டேன். தண்ணீரைத் தெளிய வைக்கும் மருந்து ஒன்று கொடுத்தான். மாலைக்குள் சரியாகிவிடும் என்றான். எதை வைத்து அப்படிச் சொன்னான்?

இரண்டு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஏழு பிள்ளைகளும் நீச்சல் உடையில், தோளில் துண்டோடு. அதில் நாலு வயதுக் குட்டி ஒன்று, இரண்டு கையிலும் காற்றடைத்த பட்டையை மாட்டிக்கொண்டு ஏணிக்குப் பக்கத்திலேயே நின்றது. "அத்தை, இப்போ போகலாமா?" என்று அரை மணிக்கு ஒரு தடவை வந்து கேட்டது. கடைசியில் ஹோஸைத் திறந்துவிட்டு ஒருவர் மேல் ஒருவர் பீச்சிக்கொள்ளச் சொன்னோம். 26,000 லிட்டர் தண்ணீர் பக்கத்தில் நிற்கிறது, பிள்ளைகள் ஹோஸில் விளையாடுகிறார்கள். அந்தக் குழந்தை திரும்பிப் போகும்போதும் பட்டையைக் கழற்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நேற்று நான்காவது தடவை. இந்த முறை நான் பழைய தாளையும் கொண்டுபோயிருந்தேன். புதுத் தாளைப் பக்கத்தில் வைத்துக் கடைசி வரியில் விரலை வைத்தேன். ஸ்டெபிலைசர் என்று இருந்தது. வியாழக்கிழமை 110, நேற்று 145. இது என்ன, ஏன் ஏறியிருக்கிறது என்று கேட்டேன். குனிந்து பார்த்தான். "ஓ, இது இவ்வளவு இருந்தால் குளோரின் வேலை செய்யாது. பாதித் தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள்." அவ்வளவுதான். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

ராத்திரி சமையலறை மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெயில் பட்டால் குளோரின் சில மணி நேரத்தில் அழிந்துவிடும், அதைக் காப்பாற்றத்தான் சயனூரிக் அமிலம் என்கிற இந்த ஸ்டெபிலைசர். 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போகப் போக குளோரினை அது தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்டெபிலைசர் அளவில் ஏழெட்டு சதவீதமாவது குளோரின் இருந்தால்தான் பாசி வராது என்று அனுபவப்பட்டவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 110க்கு 8ஆவது வேண்டும். என் குளத்தில் இருந்தது 3. அந்த 3ஐப் பார்த்துத்தான் அவன் மூன்று தடவையும் சரியாக இருக்கிறது என்றான்.

இந்த ஸ்டெபிலைசர் எங்கிருந்து வந்தது? அவர்கள் கொடுத்த குளோரின் மாத்திரையிலிருந்து! வாளி வாளியாக விற்கிறார்களே, உள்ளங்கை அகல வெள்ளை மாத்திரை, ஒன்று 227 கிராம், அது கரைந்தால் எடையில் பாதிக்கு மேல் சயனூரிக் அமிலமாகத்தான் தண்ணீரில் நிற்கும். என் குளத்தில் ஒரு மாத்திரைக்கு ஏறத்தாழ 5 ஏறும். மே கடைசியிலிருந்து வாரம் இரண்டு போட்டிருக்கிறேன், 22 மாத்திரை, 110. கணக்கு அப்படியே வருகிறது. இது ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது, வெயிலில் போகாது. குளோரின் செலவாகிவிடும், இது மட்டும் தங்கித் தங்கிச் சேரும். மிச்சம் 35? அவன் வியாழக்கிழமை கொடுத்தானே நாலு ஷாக் பாக்கெட், அதிலும் இதே சரக்கு. பச்சையைப் போக்கக் கொடுத்த மருந்துதான் நோயை வளர்த்திருக்கிறது. மே மாதம் மாத்திரை விற்கும்போதே "ஜூலை தாண்டியதும் கடைசி எண்ணைப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. சொல்லக் காசு கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேனே.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா வியாழக்கிழமையே அந்த அல்கலினிட்டி டப்பாவைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தார். "ஏட்டி, இது ஆப்ப சோடால்லா! இதுக்குப் போயா இவ்வளவு துட்டு?" என்றார். திருப்பிப் பார்த்தால் சோடியம் பைகார்பனேட். நூறு சதவீதம். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே சோடா, அளவு பெரிது, பெயர் பெரிது, விலையும் பெரிது. "நம்மூர் பஞ்சாயத்து டேங்க்ல போடுத பிளீச்சிங் பவுடர கரைச்சு ஊத்த வேண்டியதுதானே" என்றும் சொன்னார். சும்மா இரும்மா என்று எரிந்து விழுந்தேன். அம்மா சொன்னதுதான் சரி. பிளீச்சிங் பவுடரிலும் சரி, துணி வெளுக்கும் திரவக் குளோரினிலும் சரி, இந்த ஸ்டெபிலைசர் கிடையாது. எத்தனை ஊற்றினாலும் சேராது. திருநெல்வேலிப் பக்கத்துப் பஞ்சாயத்து டேங்க்கைப் பார்த்து வளர்ந்த எழுபத்தொரு வயது அம்மாவுக்குத் தெரிந்தது, இதே தொழிலாக இருக்கும் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. இல்லை, தெரிந்தும் சொல்லவில்லை. எது என்று எனக்குத் தெரியாது, இரண்டும் மோசம்தான்.

ஒன்று மட்டும் நடுவில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை எடுத்த கரண்டியாலோ அதே பாத்திரத்திலோ பிளீச்சிங் பவுடரைத் தொடாதீர்கள். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அதையும் கடையில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

குளம் வைத்த முதல் வருஷம் பட்டது இதைவிடக் குறைவில்லை. தரை மட்டமாக இருக்க வேண்டும் என்று குளத்தோடு வந்த புத்தகத்தில் ஒரே ஒரு வரி. 26,000 லிட்டர் என்றால் 26 டன், ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தாலே சுவர் அந்தப் பக்கம் பிதுங்கும். பள்ளத்தில் மண்ணை நிரப்பி மட்டம் செய்தோம். மேட்டைத்தான் வெட்ட வேண்டுமாம், நிரப்பிய மண் அமுங்குமாம். அமுங்கியது. மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, ரசமட்டத்தையும் மண்வெட்டியையும் வைத்துக்கொண்டு இரண்டு வாரக் கடைசி நானும் அவரும் முதுகு ஒடிய வெட்டினோம். கோரைப்புல், தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் விரிப்பான லைனரைக் குத்திக்கொண்டு மேலே வரும் என்று எழுதியிருந்தார்களா? அதுவும் இல்லை. வந்தது.

இதெல்லாம் போகட்டும், பணமும் முதுகும் போனதுதான். 2025 ஜூலையில் அமெரிக்காவில் விற்ற சுமார் 50 லட்சம் குளங்களை, ஆபத்து என்று, தயாரித்தவர்களே திரும்ப அழைத்தார்களே, அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? 48 அங்குலமோ அதற்கு மேலோ உயரம் இருக்கும் குளங்களில் குளத்தைத் தாங்கும் கால்களை இறுக்கிப் பிடிக்க வெளியே ஒரு பட்டை ஓடும். அதில் கால் வைத்துக் குழந்தைகள் ஏறி உள்ளே விழுந்திருக்கிறார்கள். ஒன்பது குழந்தைகள் இறந்தார்கள், யாருக்கும் நாலு வயது ஆகவில்லை. ஏணியை எடுத்து வைத்துவிட்டால் பத்திரம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் குளத்திலும் அதே பட்டைதான். செய்தியில் பார்த்து நானே எழுதிக் கேட்டு, பட்டைக்குப் பதில் கட்டும் கயிறு வரவழைத்து, பழையதை அறுத்து எறிந்தேன். அந்தக் கோடை முழுவதும் வாரா வாரம் பாட்டிலோடு போய் நின்றேனே, உங்கள் குளம் எந்த வகை, பட்டை இருக்கிறதா என்று அந்தக் கடையில் ஒருவர் கேட்கவில்லை. முழங்கை ஆழத்தில் எடுத்தேனா என்று மட்டும் தவறாமல் கேட்டார்கள்.

இன்றைக்கு விடுப்பு போட்டுவிட்டு இறைத்துக்கொண்டிருக்கிறேன். தெருவில் விடக்கூடாது, மழைநீர்க் குழாய் வழியாக ஓடைக்குப் போய் மீன் செத்துப்போகும். புல்தரையில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டியிருக்கிறது. 13,000 லிட்டர். அப்புறம் அதே அளவு நிரப்ப ஹோஸுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். ஆகஸ்ட் பாதி போய்விட்டது.

ஹோஸை நகர்த்த எழுந்தபோதுதான் பார்த்தேன். படிக்கட்டு ஓரம் தொட்டியில் என் கறிவேப்பிலைச் செடி நிற்கிறது, ஆறு வருஷமாக ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டுக்குள் தூக்கி வைத்து, விளக்குப் போட்டு, பிள்ளை மாதிரி வளர்த்த செடி. நடுக் கொம்பை முறித்திருக்கிறார்கள். இலையைக் கிள்ளியிருந்தாலும் பரவாயில்லை, கொம்பையே, பட்டை உரிய! சனிக்கிழமை வந்த மூன்று வீட்டில் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்டால் ஒரு பை நிறைய நானே பறித்துக் கொடுத்திருப்பேனே!